பூபதியின் தப்புகள்

மூன்றாவது முறையும் திரை அதையேதான் சொன்னது: 'நீங்கள் பூபதி அல்ல.'

பூபதி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதரிடம் இப்படி ஒன்றைச் சொன்னால் அவர்தான் வேறு என்ன செய்வார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"கோகிலா, சித்தெ இங்க வா. நான் நானில்லைன்னு சொல்லுது இது."

கோகிலவாணி கையில் தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள். திரையை அவள் படிக்கவில்லை. படிக்காமலே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

கோயமுத்தூர் கணபதியில் இருந்த அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் பாதியை ஆறு வருடமாக 'கணவாய்' பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டியரிங், ஒரு கியர் கம்பி, காலடியில் மூன்று பெடல்கள், எதிரே திரை. ஆன்லைனில் நான்கு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். நான்கு லாரிகளில் சரக்கேற்றி, மலைப்பாதையில் ஒருவர் பின் ஒருவராக ஏறி இறங்கவேண்டும். பூபதியின் அணிக்குப் 'பாலக்காட்டுக் காத்து' என்று பெயர். பம்ப் கம்பெனியில் ஃபோர்மேனாக நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு இதன் முன்னால் உட்கார்ந்தால்தான் அவர் முகத்தில் களை வரும். எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. மாத்திரையும் பயிற்சியுமாக அது மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. டம்ளர் பிடித்தது, பேனா பிடித்தது, இன்றைக்குத்தான் ஸ்டியரிங் பிடித்தது. பிடித்த இரண்டாவது நிமிடம் இந்தப் பதில்.

இதெல்லாம் ஆள்மாறாட்டக்காரர்கள் செய்த புண்ணியம். மூன்று வருடத்துக்கு முன்பு அணித்தலைவர் ஜாஃபரின் குரலில் ஒருவன் ஆட்டத்துக்குள் வந்தான். அதே கட்டைக்குரல், பேச்சுக்கு நடுவில் அதே இருமல். "சர்வர் மாத்தறாங்களாம், எல்லாரும் வண்டிச் சாவிய எங்கிட்டக் குடுத்து வையுங்க" என்றான். கொடுத்தார்கள். சேர்த்து வைத்திருந்த பதினோரு லாரிகளும் போயின. அந்த வருடம் எல்லா ஊரிலும் எல்லா ஆட்டத்திலும் இதே கதை நடந்தது. குரலைச் செய்துவிடுகிறார்கள், முகத்தைச் செய்துவிடுகிறார்கள், ரகசியச் சொல்லை நைச்சியமாகப் பேசி வாங்கிவிடுகிறார்கள். கடைசியில் தளத்துக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவரின் கெட்டிக்காரத்தனத்தை இயந்திரம் அச்சு அசலாகச் செய்து காட்டிவிடும். தப்பை மட்டும் அதற்கு அப்படியே செய்ய வரவில்லை. ஆகவே இனிமேல் ஆளை அவரவர் தப்பை வைத்தே அடையாளம் காண்பது என்று முடிவானது. அதற்குப் பிழைத்தடம் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு ஆட்டத்துக்குள் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. குரலை நம்ப ஆளில்லாமல் போய்விட்டதால், சொல்லவேண்டியதை எழுதிக்கொள்வதோடு சரி.

பூபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதப் பாரு. நேத்து சாயங்காலம் என்ற வண்டி ஓடியிருக்குது. முந்தாநாளும் ஓடியிருக்குது. எவனோ ஏழு மாசமா என்ற பேர வெச்சு ஓட்டீட்டு இருக்கான் கோகிலா."

அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் புகார் பொத்தானை அமுக்கிவிட்டார்.

'புகார் பதிவானது. இதைத் திரும்பப் பெற இயலாது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேர்ச்சோதனை. பொய்யாள் என்று தீர்ப்பாகிறவரின் தடம் எல்லாத் தளங்களிலும் ஆயுளுக்கும் விலக்கப்படும்.'

"மாட்டுனான்" என்றார் பூபதி. எட்டு மாதத்தில் அவர் அவ்வளவு தெம்பாகப் பேசி அவள் கேட்டதில்லை. அன்றைக்கு நான்கு தோசை சாப்பிட்டார். நான்காவது இறங்குகிறவரை அவள் பொறுத்திருந்தாள்.

"ஏனுங்க" என்றாள். "அது நானுங்க."

முப்பது நாள் வராவிட்டால் அணியில் இடம் போய்விடும் என்பது கணவாயின் விதி. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சாயங்கால மாத்திரையின் மயக்கத்தில் படுத்துக் கிடந்த இருபத்தொன்பதாவது நாளில், ஒரே ஒரு தடவை ஓட்டி இடத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று அவள் உட்கார்ந்தாள். சைக்கிள்கூட ஓட்டியறியாதவள். இரண்டு நிமிடத்தில் பிடித்து வெளியே தள்ளிவிடும் என்றுதான் நினைத்தாள். இயந்திரம் 'வணக்கம் பூபதி' என்றது. அன்றிலிருந்து தினமும், மாத்திரை அவரைத் தூங்கவைத்த நேரத்தில், அவள்தான் ஓட்டினாள்.

"அதெப்படிப் புள்ள உன்னய விட்டுச்சு?" கோபம்கூட அப்புறம்தான் வந்தது அவருக்கு. முதலில் வந்தது ஆச்சரியம்.

"இருவத்தாறு வருசமா உங்க பைக்குல பின்னாடிதானுங்க உக்காந்துட்டு வரேன். உங்க தப்பெல்லாம் எனக்கு மனப்பாடமுங்க."

அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அவளோடு பேசவில்லை. பேசாதவர் வீடு முழுக்க நடந்தார். வாசலுக்குப் போவார், கேட்டைத் திறப்பார், மூடுவார், திரும்ப வருவார். புகார் கொடுக்காமல் புதுப்பெயரில் சேர்ந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது இரண்டு பேரில் ஒருவர் பூபதி, இன்னொருவர் பொய்யாள் என்று ஆகியே தீரவேண்டும். தான் பொய்யாள் ஆகிவிட்டால் எந்தத் தளத்தில் எந்தப் பெயரில் உட்கார்ந்தாலும் இரண்டாம் நிமிடத்தில் கண்டுபிடித்து வெளியேற்றிவிடுவார்கள். ஆறு மணி என்று ஒன்று அதற்குப் பிறகு அவருக்கு இருக்காது. வேலையை விட்டாயிற்று, பைக்கைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

புதன்கிழமை ஆறு மணிக்கு வந்து அவள் பின்னால் நின்றார். "ஓட்டு. எப்படித்தான் ஓட்டறேன்னு பாக்கறேன்."

அவள் ஓட்டினாள். வளைவு வருவதற்கு ஒரு மூச்சு முன்பே கியரைக் குறைத்தாள். வளைவு முடிந்த பிறகு ஹாரன் அடித்தாள். வேகத்தடையைக் கண்டு ஒழுங்காக பிரேக் போட்டுவிட்டு, சரியாக அதன் முதுகின் மேல் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஒரு லாரியை முந்தும்போது பாதையை விட்டுவிட்டு, பக்கத்தில் ஓட்டுகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று திரும்பிப் பார்த்தாள்; வண்டியும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"நான் எங்கடி அடுத்தவன் மொகத்தப் பாக்கறேன்?"

"பல்லடம் ரோட்டுல போனா ஒரு லாரிக்காரன விடமாட்டீங்க."

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஜாஃபரின் எழுத்து வந்தது. 'பூபதி, எவனோ உம்பேருல புகார் குடுத்திருக்கானாம். பயப்படாத. நாங்க மூணு பேரும் உன்ற பக்கம்.' அதன் கீழே இன்னொன்று. 'நீ சொன்ன மாதிரியே பொண்ணுகிட்டப் பேசுனேன். நேத்து வீட்டுக்கு வந்துட்டா.'

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார் பூபதி.

"மாப்பிள்ளைக்காக நியாயம் பேசறத நிறுத்தீட்டு, சாப்பிட்டயா கண்ணுன்னு மட்டும் கேளுன்னு சொன்னீங்க."

"நான் அப்படிச் சொல்ற ஆளா?"

"இல்லீங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் பெயரில் ஏழு மாதம் ஒரு நல்ல மனிதன் நடமாடியிருக்கிறான் என்பது அவருக்குப் பிடிக்கவுமில்லை, பிடிக்காமல் போகவுமில்லை. கடைசியில், "சரி, சொல்லிக்குடு" என்றார்.

இப்படியாக பூபதிக்குப் பூபதியைக் கற்றுக்கொடுக்கும் வேலை தொடங்கியது. அது சாமானியப்பட்ட வேலையாக இல்லை. கை விழுந்து எழுந்தவருக்கு ஒரு பயம் வந்திருந்தது. வளைவுக்கு வளைவு நிதானம், நாய் குறுக்கே வந்தால் முழு நிறுத்தம், ஹாரன் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு. லைசென்ஸ் வாங்கப் போகிற பையன்கூட அவ்வளவு பயபக்தியோடு ஓட்டமாட்டான்.

"இன்னும் சீக்கிரமுங்க. வளைவு கண்ணுல படறதுக்கு முந்தியே உங்களுக்குப் பொறுமை போயிறோணும்."

"இப்பப் போக மாட்டீங்குதே. என்ன பண்ணட்டும்."

"கம்பெனில முதலாளி திட்டுனத நெனச்சுக்கங்க."

நினைத்துப் பார்த்தார். கை ஒருமுறை துள்ளியது, கியர் முந்தி விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடுத்த வளைவுவரைகூட நிற்கவில்லை. வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க ஓட்டினார்கள். ஒரு தப்பைப் பிடித்தால் இன்னொரு தப்பு நழுவியது. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும்போது அவர் முகத்தில் கணக்குப் போடுகிற பார்வை வந்துவிட்டது. அது பூபதியின் பார்வை இல்லை என்று கோகிலாவுக்குத் தெரிந்தது. "கிட்டக்க வந்துட்டீங்க" என்று பொய் சொன்னாள்.

"நான் எப்படி ஓட்டுனாலும், நாளைக்கு நீ ஒழுங்கா ஓட்டிப்போடு" என்றார் அவர். "ஒரு தப்பும் இல்லாம ஓட்டு. நீ பூபதி இல்லைன்னு ஆயிட்டாப் போதும். பொய்யாள்னு போட்டாலும் போட்டுட்டுப் போறான், உனக்கென்ன."

உனக்கென்ன என்று அவர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு மணி அவளுக்கும் ஆறு மணியாகி ஏழு மாதமாகிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கண் கடிகாரத்துக்குப் போகும். மலையேறி உச்சியில் வண்டி நிற்கும்போது கீழே தெரிகிற ஊரைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். ஜாஃபர் மகளைப் பற்றி எழுதியதெல்லாம் அவள் படித்தது, பதில் எழுதியதும் அவள். அதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு வாய் வரவில்லை. "சரிங்க" என்றாள். நாளைக்குத் தப்பே இல்லாமல் ஓட்டித் தோற்பது என்று மனதார முடிவு செய்துகொண்டாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனை அதிகாரி வந்தாள். மேகலை என்று பெயர் சொன்னாள். திரையில் முகம் இல்லை. அவளுக்கும் இவர்கள் முகம் தெரியாது. குரல்கூட ஆணா பெண்ணா என்று பிரியாதபடி ஒரே மட்டமாகிப் போய்ச் சேரும். முகமும் குரலும் எவரும் போட்டுக்கொள்ளலாம் என்று ஆன பிறகு சோதனைகளில் அவற்றைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"முதல் ஆள் புகார் குடுத்தவங்க. ரெண்டாம் ஆள் இப்ப ஓட்டிட்டு இருக்கவங்க. ஒரே பாதை, ஆளுக்கு ஏழு நிமிஷம்" என்றாள் மேகலை.

"என்ற தடம் ஆறு வருசத்துக்கு இருக்குதுங்க. அதோடதான ஒத்துப் பாப்பீங்க?" என்று பூபதி கேட்டார்.

"இல்லைங்க. கடைசி ஆறு மாசம் மட்டும்தான். மனுஷங்க மாறிட்டே இருக்காங்க. பழசை வெச்சுப் பார்த்தா நல்லவங்களே மாட்டிக்கிறாங்கன்னு ஆறு மாசத்துக்கு முந்தினதை அழிச்சிருவோம்."

பூபதி கோகிலாவைப் பார்த்தார். ஆறு மாதம் என்றால் அதில் அவர் ஓட்டியது ஒரு கஜம்கூட இல்லை. முழுக்க அவள். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

ஏழு நிமிடமும் கோகிலா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். முதல் வளைவில் கியர் முந்தி விழுந்தது. நல்லது. இரண்டாவதில் ஹாரன் பிந்தியது. நல்லது. மூன்றாவதில் ஒரு நாய் குறுக்கே வந்தது, அவர் நிறுத்திவிட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு கடந்து முடிக்கும்வரை காத்திருந்தார். அதற்கப்புறம் நடுங்கிய கையைச் சமாளிப்பதே பெரும்பாடாகி, தப்புகளை எல்லாம் மறந்துபோய் அருமையாக ஓட்டி முடித்தார்.

"அடுத்த ஆள்" என்றாள் மேகலை.

கோகிலா உட்கார்ந்தாள். தப்பில்லாமல், தப்பில்லாமல் என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தாள். முதல் வளைவு தூரத்தில் தெரிந்தது. பொறு என்று கையிடம் சொன்னாள். கை பொறுக்கவில்லை, ஒரு மூச்சு முந்திக் கியரைத் தள்ளியது. சரி, அடுத்ததில் பார்க்கலாம் என்று பல்லைக் கடித்தாள். வளைவு முடிந்தபோது ஹாரன் அடித்தது. வேகத்தடையின் மேல் கால் தானாக அமுங்கியது. சரியாக ஓட்டுவது எப்படி என்று அவளுக்கு யாரும் காட்டித்தரவில்லை. அவள் அறிந்த ஓட்டமெல்லாம் பின் சீட்டிலிருந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த ஓட்டம்தான். கடைசியில் ஒரு லாரியை முந்தவேண்டி வந்தது. திரும்பக் கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். வண்டிகள் இணையாக வந்த கணத்தில் திரும்பி அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

மேகலை ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

"ரெண்டாம் ஆள்தான் பூபதி. சந்தேகத்துக்கே இடமில்லை. முதல் ஆளோட தடத்தை விலக்குப் பட்டியல்ல சேர்க்கிறேன்."

"அம்மா, சித்தெ இருங்க" என்று கோகிலா எழுந்தே விட்டாள். "நான் பூபதி இல்லீங்க. நான் அவரு சம்சாரம், கோகிலவாணி. அவருக்கு ஒடம்பு சரியில்லாதப்ப அவரு எடம் போயிறக் கூடாதுன்னு நான் ஓட்டுனேனுங்க. பொய்யாள் நாந்தானுங்க, என்னய எடுத்துருங்க."

"இதைத்தாங்க எல்லாரும் சொல்றாங்க." மேகலையின் பேச்சில் கடுமை இல்லை, அலுப்புதான் இருந்தது. "போன வாரம் நாலு சம்சாரம் வந்து ஒப்புக்கிட்டாங்க. நாலு பேரையும் பக்கத்துல நின்னு எவனோ மிரட்டிச் சொல்லவெச்சிருக்கான். கணக்கை எழுதிக் குடுத்துட்டுத் தெருவுல நின்னவங்க இருக்காங்க. அதனால ஒப்புதல் வாக்குமூலத்தை நாங்க எடுத்துக்கறதே இல்லை. இப்ப உங்க பக்கத்துல நிக்கிறவர் உங்களை மிரட்டலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பூபதி ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"வேற வழியே இல்லீங்களா?" என்றாள் கோகிலா.

மேகலை கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு இருக்கு. நீங்க கோகிலவாணிதான்னா, இத்தனை நாள் ஓட்டினதுல உங்களுக்கே உங்களுக்குன்னு ஒரு தப்பாவது எங்கயாவது விழுந்திருக்கணும். அடுத்தவர் மாதிரி எவ்வளவு செஞ்சாலும் நம்மளோடது ஒண்ணு கசிஞ்சிரும். அது என்னன்னு தெரிஞ்சா ஆறு மாசத் தடத்துல தேடிப் பார்க்கிறேன். இருந்துச்சுன்னா கணக்கை முதல் ஆளுக்கு மாத்திடலாம். ஆனா நீங்களே சொல்லக் கூடாது. பொய்யாளுங்க இதுக்குன்னே ஒரு தப்பை முன்கூட்டியே செஞ்சு வெச்சிருப்பாங்க. உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க சொல்லணும்."

"நான் சொல்றேனுங்க" என்று பூபதி முன்னால் வந்தார். "என்ற சம்சாரம்தான."

"ஒண்ணே ஒண்ணு போதும். ஓட்டறதுலதான்னு இல்லை. வீட்டுல, வெளியில, எதுல வேணாலும். அவங்க எப்பவும் செய்யற ஒரு தப்பு."

கோகிலாவுக்கு உயிர் வந்தது. இதைவிடச் சுலபமாக ஒன்றைக் கேட்கமுடியாது என்று தோன்றியது. அவர் எதைச் சொல்லப்போகிறார் என்று தனக்குள் தேடிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். இடது வலது குழம்பி, ஒவ்வொரு முறையும் தப்பான பக்கம் கை காட்டுவதைச் சொல்வாரோ? கணவாயில்கூட நூறு தடவை அப்படிச் சிக்னல் போட்டிருப்பாள். எண்ணும்போது பதினாறைத் தாண்டிக் குதித்துவிடுவதைச் சொல்வாரோ? பேச்சு நடுவில் யோசனை வந்தால் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவதை? நடுரோட்டில் லாரியை அப்படி நிறுத்தி ஜாஃபரிடம் எத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று கண்ணாலேயே கேட்டாள்.

பூபதி வாயைத் திறந்தார். மூடினார். உத்தரத்தைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், பிறகு அவளையே பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தையும் அவர் துழாவுவது அவளுக்குத் தெரிந்தது.

"நேரம் எடுத்துக்கங்க, ஒரு நிமிஷம் தரலாம்" என்றாள் மேகலை.

நிமிடம் போய்க்கொண்டிருந்தது. பூபதியின் கண் மெல்லக் கலங்கியது. கடைசியில் அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்து, மனசார, பெருமையாகச் சொன்னார்.

"அவ ஒரு தப்பும் பண்ணமாட்டாளுங்க."

கோகிலா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்படின்னா நீங்கதாங்க பூபதி" என்று அவளிடம் சொல்லிவிட்டு மேகலை அடுத்த புகாரைத் திறந்தாள்.